ஒரு பெயர், இரு பெரியார்



ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றைப் புரட்டுவோர் 'பிள்ளை' என முடியும் பெயர்களை அடிக்கடி காண்பர். தாமோதரம்பிள்ளை, கனகசுந்தரம்பிள்ளை, பொன்னம்பலபிள்ளை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழகத்தில் இச்சொல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னே தனித்து நிற்கும் குலப்பட்டம். நம் நாட்டிலோ அது பெயரோடு புணர்ந்து, பெயரின் உறுப்பாகவே அமைந்துவிட்டது. மேனாட்டாரின் குடும்பப் பெயர்போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதுமில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். ஆகவே, ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அந்த ஓரெழுத்தே நமக்குத் துணை.

அவ்வெழுத்தைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்குக் கதிரைவேற்பிள்ளை என்ற பெயரே சான்று. கதிரை என்பது கதிர்காமம். முருகனடியார் நிறைந்த வடமராட்சியில் இப்பெயர் வழங்கியதில் வியப்பில்லை. வியப்பு யாதெனில், அம்மண்ணில் தோன்றிய கதிரைவேற்பிள்ளைகள் இருவரும் அகராதி செய்தவர்கள் என்பதே.

முன்னவர் கு. கதிரைவேற்பிள்ளை (1829–1904). உடுப்பிட்டியைச் சேர்ந்த குமாரசுவாமி முதலியாரின் மைந்தர். வட்டுக்கோட்டைச் செமினறியில் கற்றவர். சட்டத்துறை புகுந்து நீதிவானாகவும் கடமையாற்றியவர். வழக்குகளின் நடுவே சொற்களைத் தேடித் தொகுத்த அவருடைய உழைப்பு, அவர் மறைந்த பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1910 முதல் 1923 வரையில் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

பின்னவர் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907). சென்னை சென்று தமிழாசிரியராய் விளங்கியவர்; அருட்பா மருட்பா வாதத்தில் முன்னின்றவர். திரு.வி.க. அவருடைய மாணாக்கர், ஆசிரியரின் வரலாற்றை 1908இல் நூலாக எழுதி நன்றிக்கடன் தீர்த்தார். குறுகிய காலமே வாழ்ந்த இவரும் ஓர் அகராதியை விட்டுச் சென்றார்.

'கதிரைவேற்பிள்ளை அகராதி' என்று மட்டும் ஒருவர் எழுதினால், எவருடைய அகராதி அது? மாணவர் விடைத்தாள்களில் நீதிவானும் தமிழாசிரியரும் ஒருவராகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அவ்வாறு ஆகும்போது, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு மற்றவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அடுத்த தலைமுறையில் இரு கணபதிப்பிள்ளைகள். மட்டுவிலைச் சேர்ந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) மரபுவழிக் கல்வியின் பேருரு. திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையிலே பல தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கியவர். கந்தபுராணத்தை யாழ்ப்பாணத்தின் பண்பாட்டு ஊற்றாகக் கண்டு காட்டியவர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையோ (1903–1968) இலண்டனில் சாசனத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். விபுலாநந்த அடிகளுக்குப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானவர். யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை நாடக மேடையில் துணிந்து ஒலிக்கச் செய்தவர்.

ஒருவர் பழமையின் காவலர். மற்றவர் புதுமையின் வாயிலைத் திறந்தவர். இவ்விருவரையும் ஒருவராக்கினால் மயங்குவது பெயர் மாத்திரமன்று. இருபதாம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வி இரு வழியாகச் சென்றது என்ற வரலாறே மறைந்துபோம். இருவரும் வேண்டியிருந்தனர் என்பதே அவ்வரலாறு நமக்குச் சொல்வது.

இதனை இன்று வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளையும் வெறுமையாக்கின. நூல் கையில் இருந்தால் அட்டையே ஆசிரியர் யாரென்று சொல்லிவிடும். நூல் போனபின் எஞ்சுவது பெயர் மாத்திரமே. அப்பெயரிலும் முதலெழுத்தை உதிர விட்டால், நெருப்புக்குத் தப்பியதையும் நாமே இழந்தவராவோம்.

ஆதலால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் மிகச் சிறியது. ஒரு பெரியாரைக் குறிப்பிடும்போது ஊரையும் முதலெழுத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அவருக்கு நாம் செலுத்தக்கூடிய குறைந்த அளவு மரியாதை அதுவே.