நியூபோர்ட் மேடையில் ஒரு கொழும்புக் குரல்

வல்வெட்டித்துறையில பிறந்த ஆக்களுக்கு அன்னபூரணியின் கதை தெரியாமல் இருக்காது. எங்கட ஊரில கட்டின பாய்க்கப்பல். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, ஊர் மாலுமிகள் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் 1938 ஓகஸ்டில் மசாசுசெற்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இது 25 வருடம் கழித்து, அந்தக் கரையிலிருந்து அதிக தூரமில்லாத நியூபோர்ட்டில் பாடிய ஒரு இலங்கைப் பெண்ணின் கதை. கப்பலை ஊர் மறக்கவில்லை. பாடகியை நாங்கள் கேள்விப்படவே இல்லை.

அவரின் பெயர் யோலண்ட் பவன். கொழும்பில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இலங்கை வானொலியில் பாடத் தொடங்கினார். பெயரைப் பார்த்ததும் 'நம்மட ஆளோ?' என்று கேட்கத் தோன்றும். அதைவிட, அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு சின்னப்பிள்ளை எப்படி ஜாஸ் பாடகி ஆனாள் என்ற கேள்விதான் சுவாரசியமானது.

அதற்குப் பதிலின் ஒரு பாதி வானொலியில் இருக்கு. கொழும்பில் 1925இலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படையினருக்காக இங்கே பலமான ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்து 1949இல் அது 'ரேடியோ சிலோன்' கைக்கு வந்தது, 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. எங்கட அம்மம்மாமார் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்காகக் காத்திருந்ததும், வட இந்தியா முழுக்க 'பினாகா கீத்மாலா' கேட்டதும் இதே நிலையத்திலதான். அதன் ஆங்கில சேவை மேல்நாட்டுப் பாட்டுகளைக் கொண்டுவந்தது. சினிமாப் பாட்டும் ஜாஸும் ஒரே கட்டடத்திலிருந்து போன காலம் அது. யோலண்ட் வந்தது அந்தக் கட்டடத்துக்குள் இருந்து.

பிறகு கிரேம் பெல்லின் ஜாஸ் குழுவோடு அவுஸ்திரேலியா. அங்கிருந்து இங்கிலாந்து போய் ஹம்ப்ரி லிற்றெல்ற்றன் குழுவோடும் பாடினார். 1962இல் பெரிய அழைப்பு வந்தது. 'லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ்' என்பது அப்போது ஜாஸ் உலகின் மிகப் பிரபலமான குரல் குழு. அதிலிருந்து அனி ராஸ் விலக, அந்த இடத்துக்கு யோலண்ட் போனார். குழுவின் பெயரும் 'லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பவன்' ஆனது.

அந்த இடம் எவ்வளவு கஷ்டமானது என்று விளங்க வேண்டுமென்றால், இந்தக் குழு என்ன பாடியது என்று பார்க்க வேண்டும். அவர்கள் பாடியது 'வோக்கலீஸ்'. ஒரு சாக்ஸபோன்காரர் அந்த நேரக் கற்பனையில் வாசித்த தனி ஆவர்த்தனத்தை எடுத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் சொல் வைத்து, அதே வேகத்தில் பாடுவது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வர வாசிப்பு ஒன்றை எடுத்து, ஒரு பிருகா விடாமல் சாகித்தியம் எழுதி, மூன்று பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கோ. மூச்சுவிட நேரம் கிடையாது. குழலுக்கு நாக்கு இல்லை, மனுசருக்கு இருக்கு. சொல்லைக் கடிக்காமல் ஓட வேண்டும்.

யோலண்ட் சேலை கட்டி மேடையேறி இதைச் செய்தார். 'பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட்', 'நியூபோர்ட் 63', 'வில்லேஜ் கேற்' என்று மூன்று நேரடி நிகழ்ச்சிகள் ஆர்.சி.ஏ. இசைத்தட்டுகளாக வந்தன. நியூபோர்ட்டில் கோல்மன் ஹோக்கின்ஸும் கிளார்க் டெரியும் உடன் வாசித்தார்கள். அனி ராஸின் குரல் ட்ரம்பெற் மாதிரி உச்சியில் வெட்டும். யோலண்டின் குரல் மெல்லியது, மற்ற இரண்டு குரல்களுக்குள்ளும் கலந்து நிற்கும். விமர்சகர்கள் பலர் அதைக் குறையாகத்தான் பார்த்தார்கள். எனக்கு அது வேறொரு வகைக் கெட்டித்தனமாகத்தான் கேட்குது.

நியூபோர்ட் தட்டில் 'யே யே' என்று ஒரு பாட்டு இருக்கு. சொற்கள் ஜோன் ஹென்ட்ரிக்ஸ் எழுதியவை. அதைப் பிறகு ஜோர்ஜி ஃபேம் பாடி, 1965 ஜனவரியில் பிரித்தானியாவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பாட்டைத் தெரிந்த பலருக்கு, அதற்கு முன்னம் அதைப் பாடிய மூவரில் ஒருத்தி இலங்கைப் பெண் என்பது தெரியாது.

1964இல் குழு கலைந்தது. 1966இல் டேவ் லம்பேர்ட் வீதி விபத்தில் இறந்தார். யோலண்ட் 1969இல் பீற்றர் ஐவர்ஸின் முதல் இசைத்தட்டில் பாடினார், 1972இல் 'வெதர் ரிப்போர்ட்' தட்டு ஒன்றிலும் குரல் கொடுத்தார், நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தார். ஆனாலும் ஜாஸ் வரலாற்றில் அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு வரி: 'அனி ராஸுக்குப் பதிலாக வந்தவர்.' பதிலாக வந்தவர் என்று எழுதிவிட்டால், பிறகு அவரைக் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிடுது.

1987இல் ஆர்.சி.ஏ.யின் புளூபேர்ட் முத்திரை இந்தக் குழுவின் பாட்டுகளைத் தொகுத்து மறுபடி வெளியிட்டது. இன்றைக்கு நாங்கள் அவரைத் தேடிக் கேட்க முடிவது இப்படியான மறுவெளியீடுகளால்தான். கல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸுக்கும் இதேதான் நடந்தது. கனடாவின் கல்கரியில் பதிவாகி 1982இல் வந்த அவரின் 'டிஸ்கோ ஜாஸ்' ஒருத்தரும் கவனிக்காமல் கிடந்து, 2019இல் நியூமெரோ குழுமத்தால் மறுபடி வந்து உலகம் சுற்றியது.

இரண்டிலும் ஒரு விசயம் பொது. மறுவெளியீட்டுக்கு முதலில் ஒரு நாடாவோ ஒரு தட்டோ எங்கேயாவது மிஞ்சியிருக்க வேண்டும். நியூயோர்க்கில் பாடினால் கம்பனி காப்பாற்றும். வல்வெட்டித்துறைக் கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்ததையும் பாடினதையும் ஆர் காப்பாற்றினது? 1981இல் நூலகம் எரிஞ்சது, பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை வீடு. எங்கட ஆக்கள் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கசற்றையா தூக்கினார்கள்?

ஆனாலும் சில வீடுகளில், பரணில், பிஸ்கற் ரின்னுக்குள்ள கசற்றுகள் இன்னும் இருக்கு. நாடா பூஞ்சணம் பிடித்தால் கதை முடிஞ்சுது. 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் புத்தகங்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிமமாக்குகிறது. இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அந்த ரின்னைத் திறந்து பாருங்கோ. கசற்றின் மேல் பெயர் எழுதியில்லாவிட்டால், பாடினது ஆர், எந்த வருசம், எந்தக் கோயில் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கோ. அவவுக்கு மட்டும்தான் அது தெரியும்.