எழில் நிரல்மொழி: வரலாறும் வடிவமைப்பும்

எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கொண்டு கணினி நிரல் எழுத உதவும் ஒரு சிறிய, கட்டற்ற நிரல்மொழி ஆகும். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 2007-இன் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கி, 2009 சூலையில் பொதுவில் அறிவித்தார். தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களே இதன் இலக்கு. திருப்பத்தூரிலோ ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றிலோ நிரலாக்கம் தொடங்கும் மாணவர் ‘இஃப்’, ‘வைல்’ போன்ற சொற்களின் பொருளையும் அவற்றுக்குப் பின்னுள்ள தருக்கத்தையும் ஒருசேரக் கற்க வேண்டியுள்ளது. இந்த இரட்டைச் சுமையில் ஒன்றை இறக்கிவைக்க எழில் முயன்றது.

சொற்களை மொழிபெயர்ப்பது எளிது. சொல் வரிசைதான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வரும். எழில் தமிழ் வரிசையையே ஏற்றது. ஆனால் நிரலை இடமிருந்து வலமாகப் படிக்கும் பகுப்பான், தொடக்கத்திலேயே அது எவ்வகைக் கூற்று என அறிந்தால்தான் எளிமையாக அமையும். இதற்காக நிபந்தனைக்கு முன் ஒரு குறி இடப்பட்டது:

@( வயது >= 18 ) ஆனால்
&nbsp;&nbsp;பதிப்பி "வாக்களிக்கலாம்"
இல்லை
&nbsp;&nbsp;பதிப்பி "காத்திருக்கவும்"
முடி

அந்தக் குறி தமிழும் அன்று, கணிதமும் அன்று. எனினும் அது கொடுத்த விலை குறைவு. பெற்றது இயல்பான தமிழ்த் தொடர். ‘வரை’ என்ற மடக்குச் சொல் அவ்வளவு பொருந்தவில்லை. ‘@( எண் < 10 ) வரை’ என்பது, நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை இயங்கும். புதிதாகப் படிப்பவர் அதை ‘எண் பத்தைவிடக் குறையும் வரை’ என்று நேர்மாறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

எழிலின் வரிமொழிமாற்றி பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தான் இயங்கும் விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளில் தனித்தனியே எழுத வேண்டிய தேவை இதனால் குறைந்தது; பைத்தானின் கணித, சரச் செயற்கூறுகளும் கைக்கு வந்தன. இழப்பு வேகத்தில். எழில் நிரலைப் பைத்தான் நிரல் ஒன்று படித்து இயக்க, அந்தப் பைத்தானையும் மற்றொரு வரிமொழிமாற்றி இயக்குகிறது. வகுப்பறைப் பயிற்சிகளுக்கு இது பொருட்டன்று. பெரிய செயலிகளுக்குத் தடையே. பைத்தானின் இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கான மாற்றம் போன்ற அடித்தள மாறுதல்களின் சுமையும் எழிலைச் சேர்ந்தது.

எழுத்துகளை எண்ணுவதிலும் இடர் இருந்தது. ‘தமிழ்’ என்பதில் மூன்று எழுத்துகள் என்று சிறுவரும் சொல்வர். ஒருங்குறியில் அது ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டாகப் பிரிந்து நிற்பதே காரணம். பைத்தான் தரும் நீளத்தை அப்படியே மாணவருக்குக் காட்டினால் இலக்கணப் பாடத்துடன் அது முரண்படும். முத்து அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் சொற்களைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. எழிலைவிட இந்நிரலகத்துக்கே பயன்பாட்டு எல்லை விரிவானது எனலாம்.

2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. தமிழ்வழிப் பதிப்பில் விளக்கம் தமிழிலும் நிரல்கள் ஆங்கிலச் சொற்களிலும் உள்ளன.