பிறப்பின் நிறம், வாழ்வின் கொம்பு: மான்களின் அரிய வேறுபாடுகளை அறிந்த வரலாறு

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன், ராசிபுரத்துக்குக் கிழக்கே போதமலை, நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை. இடைப்பட்ட சமவெளியை மரவள்ளிக் காடுகளும் கரும்பு வயல்களும் கோழிப்பண்ணைகளும் நெடுஞ்சாலைகளும் நிரப்பியிருக்கின்றன. புள்ளிமான் போன்றவை அடிவாரக் காப்புக்காடுகளில் ஒதுங்கி வாழ்கின்றன. இப்படித் துண்டுபட்ட நிலத்தில் ஒரு வெண்குட்டி பிறந்தாலோ, ஓர் ஆண்மானுக்குக் கொம்பு கோணலாக முளைத்தாலோ இரண்டையும் அதிசயம் என்றே சொல்லிவிடுகிறோம். காரணங்களோ வேறு வேறு. வெண்ணிறம் பெற்றோர் வழி வருவது. கொம்பின் கோளாறு பெரும்பாலும் அந்த மான் பட்ட காயத்தையும் பசியையும் காட்டுவது. இவ்விரண்டையும் பிரித்தறிய அறிவியலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

மான்களை வகை பிரித்துப் பார்க்கும் வழக்கம் தமிழில் பழமையானது. புல்வாய்க்கும் உழைக்கும் உரிய ஆண்பாற் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தனித்தனியே வரையறுக்கிறது. சங்க முல்லைப் பாடல்களில் வரும் இரலைக்கு முறுக்குக் கொம்பே அடையாளம். அந்த இரலையை இன்று வெளிமான் என்கிறோம். அதன் கொம்பு உதிராது. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு உதிர்ந்து உதிர்ந்து புதிதாக முளைக்கும். பின்னே வரும் செய்திகளுக்கு இந்த வேற்றுமையே அடிப்படை.

ஐரோப்பிய விலங்கியலார் கொம்பையே பிறப்பின் முத்திரை என்று எடுத்துக்கொண்டனர். 1820களில் கூவியே என்ற விலங்கியலார் கடமானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இனப்பெயர்களைச் சூட்டினார். கொம்பின் பருமனையும் கிளைகளின் நீளத்தையும் சான்றாகக் கொண்டு பிறரும் பெயர்களைப் பெருக்கினர். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1867இல் இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலை வெளியிட்டார். 1888 முதல் 1891 வரை வெளிவந்த பிளான்ஃபோர்டின் பாலூட்டித் தொகுதி அந்தப் பெயர்க் குவியலைப் பெரிதும் ஒழுங்குபடுத்தியது. மறுபுறம், 1892இல் ரோலண்ட் வார்டின் வேட்டைப் பதிவேடு தொடங்கியதும் கொம்பு அங்குலக் கணக்காகிவிட்டது. நீளமும் சுற்றளவும் ஏட்டில் ஏறின. கொம்பைச் சுமந்த மான் எங்கே மேய்ந்தது, எப்போது காலொடிந்தது என்பதற்கு அந்த ஏட்டில் இடமில்லை. நம் அறிவுக்கு நேர்ந்த பெரிய இழப்பாகவே இதைக் கருதுகிறேன்.

மானின் கொம்பு உயிருள்ள எலும்பு. வளரும் காலத்தில் குருதி ஓடும் மென்தோல் அதைப் போர்த்தியிருக்கும். அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதி மானின் விலா எலும்புகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆண்மைச் சுரப்பு உயர்ந்ததும் கொம்பு இறுகி, தோல் உரிந்துவிடும். விரை சேதமானால் தோல் உரியாமலே கொம்பு ஒழுங்கின்றித் திரண்டுகொண்டிருக்கும். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் பக்கத்துக்கு மூன்று முனை என்பது பொது அமைப்பு. புள்ளிமானின் அடிக்கிளை அருகே சிறு முனைகள் கூடுதலாக முளைப்பதும் உண்டு, அது நோயன்று. பின்னங்கால் ஒன்று முறிந்த மானுக்குப் பல நேரங்களில் எதிர்ப்பக்கக் கொம்பு உருக்குலைகிறது. வளரும் கொம்பில் பட்ட பலத்த காயத்தின் தடம், அந்தக் கொம்பு உதிர்ந்த பிறகும் அடுத்தடுத்த ஆண்டுகளின் கொம்புகளில் தோன்றுவதை ஆய்வாளர் புபெனிக் விளக்கினார்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று ஸ்காட்லாந்தில் கிடைத்தது. அங்கே கொம்பே முளைக்காத ஆண் செம்மான்களை 'ஹம்மல்' என்பார்கள். பரம்பரைக் குறை என்று அவற்றைச் சுட்டு விலக்கி வந்தனர். 1970களில் ஆய்வாளர்கள் லிங்கனும் ஃபிளெட்சரும் ஒரு ஹம்மலைப் பெண்மான்களோடு இணைத்தனர். பிறந்த ஆண்குட்டிகளுக்குக் கொம்பு முளைத்தது. ஹம்மலின் கொம்படித் தண்டில் செயற்கையாகக் காயம் உண்டாக்கியபோது அதற்கே கொம்பு வளரத் தொடங்கியது! இளமையில் போதிய உணவின்றித் தண்டு சரியாக வளராததே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது.

நிறத்தின் வரலாறு நம்மைச் சென்னைக்கு அழைத்து வருகிறது. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கி.மீ. மட்டுமே. அங்கே வெளிமான்களைக் கொண்டுவந்தவர் ஆளுநர் வில்லிங்டன் என்றும், வெண்ணிற ஆண்மான்களைப் பின்னர் பாவ்நகர் மகாராஜா சேர்த்தார் என்றும் பூங்காவின் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. மகாராஜா கிருஷ்ணகுமாரசிங்ஜி 1948 முதல் 1952 வரை சென்னை ஆளுநர். வெளிமான்களுக்குப் பெயர்பெற்ற வேலாவதர் புல்வெளி அவருடைய சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நகரம் நெருக்கிச் சூழ்ந்த சிறு காட்டில் அந்த வெண்ணிறம் பின்வந்த தலைமுறைகளிலும் தென்பட்டது.

ஆண் வெளிமான் முதிர முதிரக் கருப்பது இயல்பு. அது சுரப்பின் வேலை. முழு வெண்மைக்குக் காரணம் மரபணு. நிறமியே உண்டாகாவிட்டால் கண்ணும் இளஞ்சிவப்பாகும். கண் கருமையாகவே இருந்து உடல்மட்டும் வெளுப்பது இன்னொரு வகை. இவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பெரிய மந்தையில் அது அரிது. அடைபட்ட மந்தையில் உறவுக்குள்ளேயே இணை சேர்வதால் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் செனகா படைக்கலக் கிடங்கைச் சுற்றி 1941இல் வேலி எழுந்தது. உள்ளே சிக்கிய வெண்வால் மான்களிடையே வெள்ளை மான்கள் தோன்றின. அதிகாரிகள் அவற்றைச் சுடவிடாமல் காத்ததால் அவை நூற்றுக்கணக்கில் பெருகின.

சேலம், நாமக்கல் மலைகளுக்கு வேலி இல்லை. சாலையும் பட்டா நிலமும் வேலியாகிவிட்டன. ஆகவே இங்கே வெண்குட்டி தென்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதன் கண்; அடுத்து, அதன் மந்தைக்கு வேறு மந்தையோடு இன்னும் தொடர்பு உண்டா என்பது. ஒரே நிறம் திரும்பத் திரும்பத் தெரிந்தால் அடைபட்ட மந்தை என்று ஐயுற இடமுண்டு. கோணற் கொம்புகள் பெருகினால் பார்க்க வேண்டியவை மேய்ச்சலும் கம்பிவேலியும் நாய்க்கடியும் வாகனங்களும். அடிபட்டு இறந்த மானைப் புதைக்குமுன் வனத்துறையினர் கொம்பின் அமைப்பையும் பழைய எலும்பு முறிவையும் உடல் நிறத்தையும் குறித்து வைத்தால், ரோலண்ட் வார்டின் ஏடு விட்டுப்போன பகுதி இங்கே எழுதப்படும். வெண்குட்டியைப் பிடித்துக் கூண்டில் பெருக்கும் யோசனையை மட்டும் உறுதியாக மறுக்க வேண்டும். 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலியை அதன் மகளோடேயே இணைத்துத்தான் அந்த நிறத்தைப் பெருக்கினார்கள். அந்த வழிவந்த புலிகளிடம் மாறுகண்ணும் பிற பிறவிக் குறைகளும் தொடர்ந்தன.