சிங்க இலச்சினை

சிங்க இலச்சினை என்பது சிலோன் தேயிலைப் பொதிகளில் காணப்படும், வாளேந்திய சிங்கம் பொறித்த வணிகக் குறி. உரிமை இலங்கைத் தேயிலைச் சபைக்கு. அச்சிடுவோர் அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர்கள். பொதியில் இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். சபையின் தர அளவை எட்ட வேண்டும். உள்நாட்டிலேயே பொதியிட்டிருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் கடுமையானது. பண்டாரவளைத் தொழிற்சாலையொன்றில் ஆடி, ஆவணி வறள்காற்றுக் காலத்தில் தயாரான மணமிகு ஊவாத் தேயிலையை மொத்தமாக வாங்கி வெளிநாட்டில் பொதியிடுபவர், வேறெதையும் கலக்காவிட்டாலும் சிங்கத்தைப் போட முடியாது. பொருளுக்கும் குறிக்கும் உரிமை வேறாவது திறந்த மூல மென்பொருளிலும் உண்டு. மொசில்லாவின் பயர்பாக்ஸ் உலாவி நிரலை எடுத்தாண்ட டெபியன் இயங்குதளம், பயர்பாக்ஸ் பெயருக்கும் இலச்சினைக்கும் இருந்த கட்டுப்பாட்டால் 2006 முதல் 2016 வரை அவ்வுலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில் வழங்கியது.