இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய கதையும் கொள்வனவு என்னும் படிப்பும்

1952ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி இலங்கையும் சீனாவும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. ஐந்தாண்டு காலத்துக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை இலங்கை சீனாவுக்கு விற்கும். சீனா ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசியை இலங்கைக்கு விற்கும். இறப்பர் – அரிசி ஒப்பந்தம் என்று வரலாற்றில் இடம்பெற்றது இதுவே. நமது நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதனை இடதுசாரி, வலதுசாரி என்ற கண்ணாடி வழியாகவே நோக்கி வந்துள்ளனர். நான் இங்கே வேறொரு கோணத்திலிருந்து, அதாவது ஓர் அரசாங்கம் செய்த கொள்வனவு என்ற அளவில், இதனைப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகள் சிலர் இப்போது சர்வதேசக் கொள்வனவு, உலக வணிகம் ஆகிய துறைகளில் முதுமாணிப் பட்டத்துக்குப் பயில்கின்றனர். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று வாசல்களை மட்டுமே அறிந்த பெற்றோருக்கு இது புதிராக இருக்கிறது. “சாமான் வாங்கிறதுக்கும் ஒரு படிப்போ?” என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலின் விரிவே இக்கட்டுரை.

முதலில் 1952இன் நிலைமையைச் சுருக்கமாக நினைவுகொள்வோம். இலங்கை உண்ட அரிசியிற் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. கொரியப் போர் 1950 ஜூனில் மூண்டபோது இறப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. பின்னர் அமெரிக்கா தன் கொள்வனவைக் கட்டுப்படுத்தியதும் சரிந்தது. அதே வேளை அரிசியின் உலக விலை ஏறியது. விற்கும் பொருள் மலிந்து, வாங்கும் பொருள் அருந்தலான இந்த இக்கட்டிலேதான் 1952 மார்ச் 22ஆம் திகதி பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க மறைந்தார். மகன் டட்லி பதவியேற்று, மே மாதத்திற் பொதுத் தேர்தலை நடத்தி வென்றார். தேர்தல் முடிந்தது, அரிசிக் கவலை முடியவில்லை.

சீனாவின் நிலைமை இதற்கு எதிர்முகமானது. 1951 மே 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனாவுக்குப் போர்ப் பயன்பாடுள்ள பொருட்களை அனுப்புவதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. மலாயாவை ஆண்ட பிரித்தானியா அங்கிருந்து இறப்பர் செல்வதை நிறுத்தியது. சீனாவுக்கு இறப்பர் வேண்டும்; விற்பவர் இல்லை. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடே அல்ல. 1955 டிசெம்பரிலேதான் அதற்கு அங்கத்துவம் கிடைத்தது. சபைக்குள் நுழைய முடியாதிருந்த நாட்டைச் சபையின் தீர்மானம் கட்டவில்லை என்பது சுவையான முரண்.

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தலைமையிலான குழு 1952 இலையுதிர்காலத்திற் பீக்கிங் சென்றது. ஒக்டோபர் தொடக்கத்தில் முதலில் 80,000 தொன் அரிசிக்கு ஓர் உடன்பாடு செய்தார்கள். இதனைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாண்டுக் கலியாணத்துக்கு முன்னர் ஒரு சிறு நிச்சயதார்த்தம்! சிறு அளவில் ஓர் உடன்பாடு செய்த பின்னரே நீண்டகால உடன்படிக்கைக்குப் போனார்கள். இறப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது; அரிசியோ அன்றைய உலக விலையிலும் குறைவாக வந்தது.

விலையைக் கொடுக்காத ஒப்பந்தம் எதுவும் இல்லை. கம்யூனிச நாடுகளுக்குப் போர்ப் பயன்பாடுள்ள பொருள் விற்கும் நாடுகளுக்கு உதவியில்லை என்ற அமெரிக்கச் சட்டம் இலங்கைமீது பாய்ந்தது. சில ஆண்டுகள் அமெரிக்க உதவி கிட்டவில்லை. இறப்பர் மரத்தின் இலைநோய்க்குத் தூவும் கந்தகம்கூட அங்கிருந்து கிடைப்பது தடைப்பட்டது. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஒரு கட்சியின் அரசாங்கம் இந்த விலையைக் கொடுக்கத் துணிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சீனாவுடன் தூதரக உறவு 1957இலேதான் முறையாக ஏற்பட்டது. தூதுவர் இல்லாத நாட்டோடு சோற்றுக்கு ஒப்பந்தம் செய்தார்கள்!

ஆர். ஜி. பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வாசகர்கள் அவரை அன்போடு நினைக்கக் காரணமில்லை. சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்த 1956 அமைச்சரவையிலும் அவர் வர்த்தக அமைச்சராக இருந்தவர். ஆனால், நல்ல பேரத்தை நல்ல பேரம் என்று சொல்வதற்குப் பேரம் செய்தவரை நேசிக்க வேண்டியதில்லை.

இனிப் படிப்புக்கு வருவோம். பொருள் வாங்குவதை ஓர் அறிவுத்துறையாக முதலில் எண்ணத் தொடங்கியவை அமெரிக்க இரயில்வேக்களே. தண்டவாளம், நிலக்கரி, மரக்கட்டை என்று மலைமலையாக வாங்கிய அந்த நிறுவனங்களுக்காக மார்ஷல் கேர்க்மன் என்பவர் 1887இல் இரயில்வேப் பொருட்களைக் கையாள்வது பற்றி ஒரு நூல் எழுதினார். 1915இல் அமெரிக்கக் கொள்வனவு முகவர்களின் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1917இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் இதை ஒரு பாடமாகக் கற்பித்தது. பிரித்தானியாவிற் கொள்வனவு அலுவலர் சங்கம் 1932இல் தோன்றியது. அதன் வழிவந்த நிறுவனம் 1992இல் அரச பட்டயம் பெற்றது.

நமக்கு இந்த அறிவு ஏன் பிந்தி வந்தது? பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கு வேண்டியதை இலண்டனில் இருந்து வாங்கி அனுப்ப 1833இல் ஏற்பட்ட முடிக்குரிய முகவர் அமைப்பு ஒன்று இருந்தது. கொழும்பில் இருந்த அதிகாரி ‘இன்டென்ட்’ எழுதி அனுப்புவார். இலண்டனில் இருந்தவர் விலை பேசுவார், தரம் பார்ப்பார், கப்பல் ஏற்றுவார். கேட்பது நாம், வாங்குவது அவர்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேரம் பேசும் பயிற்சி நமது அலுவலகங்களுக்கு இவ்வாறு இல்லாமற் போயிற்று என்பது என் கருத்து. சுதந்திரம் பெற்று ஐந்தாண்டும் நிறையாத ஒரு நாடு 1952இல் நேரடியாகச் சென்று பேசியதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

1983இல் பீட்டர் கிரால்ஜிக் என்ற ஆலோசகர் ஹார்வார்ட் வணிகச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இன்று இத்துறையின் அரிச்சுவடி. வாங்கும் பொருளை இரண்டு கேள்விகளால் அளக்க வேண்டும் என்றார் அவர். அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? அது கிடைக்காமற் போகும் ஆபத்து எவ்வளவு? முக்கியமும் ஆபத்தும் குறைந்த பொருளை, எழுதுகோலும் காகிதமும் போல, குறைந்த உழைப்போடு வாங்கலாம். இரண்டும் கூடிய பொருளுக்கு மலிவு விலை தேடி அலைவது மடமை. விற்பவரோடு நீண்ட உறவு வேண்டும். 1952இல் இலங்கைக்கு அரிசியும் சீனாவுக்கு இறப்பரும் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கட்டுரை வெளிவருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கொழும்பு அதன்படி நடந்துவிட்டது! ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1982 வரை ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் நின்று நிலைத்தது.

இனி எதிர்ப்பக்கம். அதே இரு நாடுகளுக்கிடையே 2021இல் நடந்த உரக் கொள்வனவை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. சீன நிறுவனம் ஒன்றிடம் சேதன உரம் வாங்க ஏற்பாடாயிற்று. மாதிரிகளிற் கேடு விளைக்கும் பக்ரீரியா இருப்பதாக நமது தாவரத் தனிமைப்படுத்தல் சேவை கண்டது. விற்பனையாளரோ அதை ஏற்கவில்லை. வேறு பரிசோதனை அறிக்கையைக் காட்டினார். 20,000 தொன் உரத்துடன் ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் இலங்கைக்கு அருகே வாரக்கணக்கில் அலைந்தது. நீதிமன்ற உத்தரவினால் மக்கள் வங்கி பணம் செலுத்தவில்லை. ஒக்டோபரிற் சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கறுப்புப் பட்டியலில் இட்டது. இறுதியில், 2022 ஜனவரியில், நிலத்தில் இறங்காத உரத்துக்காக ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது.

இங்கே முதுமாணி மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் மிக எளியவை. எந்த ஆய்வுகூடத்தின் முடிவு இறுதியானது? மாதிரியை யார், எங்கே, எப்போது எடுப்பது? பரிசோதனை முடியும் முன் கப்பல் ஏன் புறப்பட்டது? நாணயக் கடிதம் என்பது பொருளைப் பார்த்துப் பணம் கொடுப்பதன்று. ஆவணத்தைப் பார்த்துக் கொடுப்பது. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் மூட்டைக்குள் மண் இருந்தாலும் வங்கி கொடுத்தாக வேண்டும் என்பதே சர்வதேச வழக்கு. ஆகவே, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்த ஆவணம் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் வாங்குபவரின் ஒரே பாதுகாப்பு. கேள்விப்பத்திரச் செய்தி வந்தால் “தரகு யாருக்குப் போயிற்று?” என்றுதான் வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விவரக்குறிப்பை எழுதியவர் யார் என்ற கேள்வி அதனிலும் ஆழமானது என்பது நீண்ட காலச் செய்தித்தொழில் எனக்குக் காட்டியது. களவு பெரும்பாலும் விலையில் அல்ல, விவரக்குறிப்பிலேயே தொடங்குகிறது.

இந்த அறிவு நமது நிர்வாகத்தில் நிலைகொள்ளவில்லை. 2006இல் பெறுகை வழிகாட்டிகள் வெளிவந்தன. 2015இன் 19ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உருவாக்கியது. 2020இன் 20ஆவது திருத்தம் அதனை ஒழித்தது. 2022இன் 21ஆவது திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. உரக் கப்பலின் கதை நடந்தது ஆணைக்குழு இல்லாத இடைவெளியில்.

படிப்பால் எல்லாம் தீரும் என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு நல்ல ஒப்பந்தம் கையிலிருந்தும், 1953 ஜூலையிற் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் உறைந்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். மலிவாக வாங்குவது ஒரு கலை. வாங்கியதை யாருக்கு என்ன விலையிற் கொடுப்பது என்பது வேறு கலை.

இன்றைய பாடத்திட்டங்களிற் பொருளுக்குப் பின்னால் உள்ள உழைப்பையும் பார்க்கச் சொல்கிறார்கள். 2017இல் இதற்கென ஒரு சர்வதேச நியமமே வெளியாயிற்று. அந்தக் கண்ணோடு 1952க்குத் திரும்பினால், உடன்படிக்கையில் இல்லாத சிலர் தென்படுவர். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியோருள் சிங்களத் தொழிலாளரும் இருந்தனர், இந்திய வம்சாவளித் தமிழரும் இருந்தனர். பின்னவருட் பெரும்பாலோர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள். அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. ஆண்டுக்கு 50,000 தொன் தருவதாகக் கொழும்பு வாக்குக் கொடுத்த இறப்பரில் அவர்கள் வெட்டிய பாலும் இருந்தது.