கண்டியிற் கட்டளை, பங்களூரிற் பட்டறை: விமான வணிகர் ஒருவரின் தொழில் வாழ்வு பற்றிய வரலாற்றுக் குறிப்பு

1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத நடுப்பகுதியிலே, தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைக் கட்டளையின் தலைமையகம் புதுடில்லியிலிருந்து கண்டிக்குப் பெயர்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரங்களுக்கிடையே அலுவலகக் குடில்கள் எழுந்தன. கட்டளைத் தளபதி மவுண்ட்பேற்றன் கண்டி நகரின் அரச மாளிகையிற் குடியமர்ந்தார். மகாவலி வளைந்து செல்லும் அந்தப் பூங்காவிலிருந்தே பர்மாப் போர் நெறிப்படுத்தப்பட்டது. இவ்விடயங்கள் நூல்களிற் பலமுறை எழுதப்பட்டுள்ளன. தளபதிகளுக்கிடையிலான பிணக்குகளும், மாலை விருந்துகளும்கூட விரிவாகவே எழுதப்பட்டுள்ளன. ஆயின், அக்கட்டளை நம்பியிருந்த விமானங்களை யார் விற்றனர், யார் பழுதுபார்த்தனர், அவற்றால் யார் ஈட்டினர் என்னும் வினாக்கள் நமது வரலாற்றெழுத்திற் பெரிதும் எழுப்பப்படவில்லை.

தலைமையகம் கண்டிக்கு வந்த நாள்களில், இம்பால் நகருக்கான தரைவழி முற்றாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. முற்றுகை சூன் 22ஆந் திகதி நீங்கும்வரை, உணவும் வெடிமருந்தும் ஆட்களும் டக்கோட்டா விமானங்கள் மூலமே அங்கு சென்றன. திரும்பும்போது காயமுற்றோர் அவற்றில் ஏற்றிவரப்பட்டனர். பர்மாப் போர் ஒருவகையில் போக்குவரத்து விமானங்களின் போரே எனலாம். அத்தகைய விமானங்கள் இடையறாது பறக்கவேண்டுமாயின், இயந்திரங்களைக் கழற்றிச் செப்பனிடும் பெரும் பட்டறையொன்று போர்முனைக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். தென்னிந்தியாவில் அப்பணியைச் செய்தது பங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. அத்தொழிற்சாலையின் தோற்றத்துடன் இணைந்த பெயர்கள் இரண்டு. ஒருவர் வால்சந்த் ஹிராசந்த். மற்றவர் வில்லியம் டக்ளஸ் பௌலி என்னும் அமெரிக்கர். பின்னவரின் தொழில் வாழ்வே நமது ஆய்வுப்பொருள்.

பௌலி 1896ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் கியூபாவில் வணிகம் செய்தவர்; குவான்ரனாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்குப் பொருள்கள் வழங்கியவர். படைத்தளமொன்றின் வாயிலில் நின்று பொருள் விற்கும் தொழிலை மகன் இளமையிலேயே கண்டிருந்தார். இதனை வெறும் பிள்ளைப்பருவச் செய்தியாக நாம் கொள்ளவில்லை. 1928இல் அவர் கியூபாவிற் கேர்ட்டிஸ் நிறுவனம் சார்ந்த விமானக் கம்பனியின் தலைவரானார். 1932இல் அக்கம்பனி பான் அமெரிக்கன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தின் கடுமையான ஆண்டுகள் அவை. அமெரிக்காவில் விமானம் வாங்குவோர் அருகினர். அந்நிலையில் வாங்குவதற்கு எஞ்சியிருந்தோர் அரசுகளே. அதிலும் போர் அச்சமுள்ள அரசுகள்.

1933இற் பௌலி சீனாவை அடைந்தார். யப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சியாங் கை சேக்கின் நிதியமைச்சராயிருந்த குங் என்பவரின் ஆதரவுடன், மத்திய விமான உற்பத்திக் கம்பனி என்னும் நிறுவனம் ஹாங்சௌ நகரிலே தோன்றியது. அமெரிக்காவிலிருந்து உறுப்புகள் பெட்டிகளில் வரும். சீனத் தொழிலாளர் அவற்றைப் பொருத்துவர். சீன அரசு விலை கொடுக்கும். ஆலைக்கான முதலிலும் அரசுக்குப் பங்குண்டு. உற்பத்தியை வாங்குவதும் அதே அரசு. தனியார் துணிவு என்று இத்தகைய வணிகர் பற்றிய நூல்கள் வியந்து கூறுகின்றன. எனினும் இவ்வேற்பாட்டில் இழப்பு எவரைச் சாரும் என்பது ஊன்றி நோக்கற்பாலது. 1937இல் யப்பானியர் முன்னேறியபோது ஆலை ஹாங்சௌவைவிட்டு ஹாங்கௌவுக்கும், பின்னர் பர்மிய எல்லையில் யுன்னான் மாகாணத்திலுள்ள லொய்விங் என்னும் இடத்துக்கும் நகர்ந்தது. 1940 ஒக்ரோபரில் அங்கும் குண்டுகள் விழுந்தன.

பறக்கும் புலிகள் எனப் பின்னர் புகழ்பெற்ற அமெரிக்கத் தன்னார்வ விமானப்படை 1941இல் அமைக்கப்பட்டது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஆகவே விமானிகள் படைவீரராக அன்றி, பௌலியின் கம்பனி ஊழியராகவே ஏட்டிற் பதியப்பட்டனர். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி செனோல்ட் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். வீழ்த்தப்பட்ட ஒவ்வொரு யப்பானிய விமானத்துக்கும் 500 டொலர் மேலதிகப் பணம் உறுதியளிக்கப்பட்டது. அப்படைக்கென 100 போர்விமானங்கள் ஒதுக்கப்பட்டபோது பௌலி தமக்குரிய தரகினைக் கோரினார். சீன விற்பனையின் உரிமை ஒப்பந்தப்படி தம்முடையது என்பது அவர் வாதம். அமெரிக்கத் திறைசேரியின் எதிர்ப்புக்குப் பின்னர் 250,000 டொலருடன் பிணக்குத் தீர்ந்தது. போர் அறிவிக்கப்படாத போரில், ஊழியர் என்ற பெயரிற் படைவீரரும், தரகு என்ற பெயரில் அரசுப் பணமும் கைமாறின. பௌலி என்ற தனிமனிதரின் பேராசையை மட்டும் இதிற் காண்பது போதாது. சட்டப்படி செய்யமுடியாததைச் செய்வதற்கு அரசுக்கு ஒரு கம்பனி தேவைப்பட்டது. அத்தேவையே அவரது மூலதனம்.

இனி, வால்சந்த். 1882இல் சோலாப்பூரிற் பிறந்த இவர் குசராத்தி சமண வணிகக் குடியினர். 1919இல் சிந்தியா கப்பற் கம்பனியைத் தொடங்கி, ஆங்கிலேயக் கப்பல் முதலாளிகளுடன் நீண்டகாலம் மோதியவர். கப்பல், மோட்டார் வண்டி, விமானம் ஆகிய மூன்றையும் இந்தியாவிலேயே செய்யவேண்டுமென்பது அவர் நோக்கம். பிரித்தானிய இந்திய அரசு இவை எவற்றுக்கும் இலகுவில் இடங்கொடுக்கவில்லை. 1939இல் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த விமானப் பயணமொன்றில் வால்சந்தும் பௌலியும் சந்தித்தனர். ஒருவருக்கு ஆலை வேண்டும். மற்றவருக்கு யப்பானியக் குண்டுகள் எட்டாத புதிய களம் வேண்டும்.

தற்செயலான இச்சந்திப்பிலேயே இந்திய விமானத் தொழில் பிறந்தது என்று கூறும் வழக்கம் உண்டு. அது கதைக்குச் சுவை, வரலாற்றுக்குக் குறை. 1940 சூனிற் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரித்தானியாவிலிருந்து விமானங்களைப் பெறும் நம்பிக்கை இந்திய அரசுக்கு அற்றுப்போயிற்று. அதன் பின்னரே கதவு திறந்தது. மைசூர்த் திவான் மிர்ஸா இஸ்மாயில் 700 ஏக்கர் நிலம் வழங்க முன்வந்தார். சிவசமுத்திர நீர்மின்சாரமும், கைத்திறன் பெற்ற தொழிலாளரும் பங்களூரில் இருந்தமை மேலதிக வாய்ப்பு. 1940 டிசம்பர் 23ஆந் திகதி ஹிந்துஸ்தான் விமானக் கம்பனி பதிவாயிற்று. இயந்திரங்களும் அமெரிக்கப் பொறியியலாளரும் பௌலியின் ஏற்பாட்டில் வந்து சேர்ந்தனர். 1941 மார்ச்சில் இந்திய அரசு 25 இலட்சம் ரூபா இட்டு மூன்றிலொரு பங்கினைப் பெற்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஹார்லோ பயிற்சி விமானமும், 1942 சூலையில் ஹோக் போர்விமானமும் பங்களூரிற் பொருத்தப்பட்டுப் பறந்தன.

ஆயின் அந்த இரண்டாவது விமானம் பறந்தபோது வால்சந்த் உரிமையாளர் அல்லர். 1942 ஏப்பிரலில் அரசு அவரது பங்குகளை வாங்கிவிட்டது. அம்மாதம் 5ஆந் திகதி கொழும்பும், 6ஆந் திகதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானியத் தாக்குதலுக்கு இலக்காயின. விசாகப்பட்டினத்தில் வால்சந்தின் கப்பற்கட்டுதளம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. மைசூர் அரசு தன் பங்கினை வைத்துக்கொண்டு நிருவாகக் குரலைக் கைவிட்டது. 1943 செப்ரெம்பரில் ஆலை முழுவதும் அமெரிக்க இராணுவ விமானப்படையின் பொறுப்பிற் சென்றது. புதிய விமானம் செய்யும் திட்டம் ஒதுக்கப்பட்டு, பழுதுபார்த்தலே முதன்மையாயிற்று.

தேசிய முதலாளித்துவம் பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்களுக்கு இந்நிகழ்ச்சி பயன்படும். வால்சந்தை ஏகாதிபத்தியத்துக்கு எதிரான போராளியாகக் காண்போர், போர் ஒப்பந்தத்துக்காக அவர் அதே அரசின் வாயிலில் நின்றதை மறக்கின்றனர். அவரை வெறும் கூட்டாளி என ஒதுக்குவோர், பிரித்தானிய விமானத் தொழிலின் விருப்புக்கு மாறாக ஓர் ஆலை எழுந்ததை மறக்கின்றனர். நமது கருத்தில், இரு தரப்பினரும் உரிமையாளரின் பெயரையே நோக்குகின்றனர். பங்குகள் மூன்று கை மாறினும் தொடர்ந்தும் அங்கேயே நின்றது கடைசற் பொறி முன் நின்ற தொழிலாளியின் பழகிய கை. போர் முடிந்தபின் அதே கைகள் இரயிற் பெட்டிகளைச் செய்தன. 1951இற் கட்டகே என்பாரின் குழு வடிவமைத்த எச்.ரி.-2 பயிற்சி விமானத்தையும் செய்தன. பிறர் அனுப்பிய உறுப்புகளைப் பொருத்தியது போக, தாமே வரைந்து செய்தது அதுவே.

பங்களூருக்கும் இலங்கைக்கும் இடையிலான தொடர்பு ஏட்டளவிலானது அன்று. இந்து சமுத்திரத்தைக் காவல் செய்த கற்றலினாக் கடல்விமானங்கள் பங்களூர்ப் பட்டறையிற் செப்பனிடப்பட்டன. அவை இறங்குவதற்கு அங்கு கடல் இல்லை. பெல்லந்தூர் ஏரியே பயன்பட்டது. வயலுக்கு நீர் தேக்கிய ஏரியிற் போர்விமானம் மிதந்த காட்சி, அக்காலப் பொருளாதாரத்தின் முழு உருவத்தையும் நமக்குக் காட்டுகின்றது. இலங்கையில் அவற்றின் தளம் கொக்கலை வாவி. அத்தளத்துக்காக அவ்வூர் மக்கள் குறுகிய கால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவரது வீடு தப்பியது.

பௌலி பங்களூருடன் நின்றுவிடவில்லை. 1945இற் பேருவுக்கும், 1946இற் பிரேசிலுக்கும் அமெரிக்கத் தூதுவரானார். 1946இல் அவருக்கு உயர் குடிசார் விருது கிடைத்தது. 1954இல், மத்திய உளவு நிறுவனத்தின் மறைமுக நடவடிக்கைகளை ஆராய்ந்த டூலிற்றில் குழுவில் உறுப்பினராயிருந்தார். அதே ஆண்டு குவாத்தமாலாவில் ஆர்பென்சின் அரசு கவிழ்க்கப்பட்டபோது, கிளர்ச்சிப் படைக்கு மாற்று விமானங்கள் கிடைக்கச் செய்த ஏற்பாட்டிலும் பங்குகொண்டார். காணிச் சீர்திருத்தம் செய்த அரசு அது. 1958 டிசம்பரில், பதவி விலகுமாறு பற்றிஸ்ராவை இணங்கவைக்க ஹவானாவுக்கு இரகசியமாக அனுப்பப்பட்டவரும் இவரே. பற்றிஸ்ரா மறுத்தார், மூன்று வாரங்களில் நாட்டைவிட்டு ஓடினார். 1977 சனவரியிற் புளோரிடாவிற் பௌலி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விற்பனையாளர், ஆலை நிருவாகி, தூதுவர், இரகசியத் தூதர் என்பன நான்கு தொழில்களாகத் தோன்றலாம். நாம் அவற்றை ஒரே தொழிலாகவே காண்கின்றோம். 1933இற் குங்கின் முன் அமர்ந்தவரும் 1958இற் பற்றிஸ்ராவின் முன் அமர்ந்தவரும் ஒரே தரகரே.

கண்டிக்கு மீள்வோம். விமானம் ஓடுபாதையில் இறங்குவதற்குச் சில்லு வேண்டும். சில்லுக்கு இறப்பர் வேண்டும். 1942இல் மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் வீழ்ந்தபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பர் மூலங்களுள் இலங்கையே மிகப் பெரியது. கேகாலை, மாத்தளைச் சரிவுகளிலும் களுத்துறையிலும் மரங்கள் அளவுக்கு மிஞ்சிக் கீறப்பட்டன. மரம் பிழைக்குமா என்று பாராது பாலெடுக்கும் இம்முறைக்குத் தோட்டத்துறையினர் 'கொலைவெட்டு' என்னும் பொருள்படவே பெயரிட்டிருந்தனர். விடியுமுன் வாளியுடன் மலையேறிய தமிழ்த் தொழிலாளர் பேராதனைப் போர்ப்படத்தில் எங்கும் குறிக்கப்படவில்லை. அவர்களைப் போன்றே மலாயா இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருட் பலர், இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். அப்படை இம்பாலை முற்றுகையிட்டோரின் பக்கத்தில் நின்றது. ஒரே மாவட்டங்களிலிருந்து கப்பலேறியோரின் மக்கள், போரின் இரு பக்கங்களிலும் பிறர் கட்டளைக்கு உட்பட்டிருந்தனர்.

1945இன் இறுதியிற் கட்டளைத் தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களது வாக்குரிமையையும் நீக்கியது. போர்க்காலத்திற் சிதைந்த இறப்பர் மரங்களுள்ள காணிகளுக்கு மறுநடுகை மானியம் 1953முதல் வழங்கப்படலாயிற்று.