மௌனத்தையும் எண்ணுதல்: ஈபே முதல் ஏர்பிஎன்பி வரை நட்சத்திர மதிப்பீடுகள் மீதான நம்பிக்கை

1999ஆம் ஆண்டில் ஈபே தளத்தில் நடந்த விற்பனைப் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹவுசர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் விற்றவரைப் பற்றி ஏதேனும் பதிவிட்டிருந்தார்கள். அவர்களில் 99.1 விழுக்காட்டினர் நல்லதையே சொல்லியிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் எழுந்து வருபவர்களைக் கேட்டால்கூட இவ்வளவு ஒருமித்த பாராட்டு கிடைக்காது. 99.1 என்ற எண் பலராலும் மேற்கோள் காட்டப்பட்டது. பேசாமல் போன மறு பாதி அந்த அளவு கவனம் பெறவில்லை. இணையச் சந்தைகளில் மதிப்பீடுகள் கடந்துவந்த பாதையை அந்த மறு பாதியிலிருந்து படித்தால்தான் அது விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஈபேயை 1995இல் தொடங்கிய பியர் ஒமிடியார், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான சண்டைகளைத் தம் மின்னஞ்சலில் தாமே தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. 1996 பிப்ரவரியில் அந்த வழக்குகளைப் பொதுவில் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கூட்டல் ஒன்று, சுழியம், கழித்தல் ஒன்று என மதிப்பிடலாம். கூடவே ஒரு வரியும் எழுதலாம். முகமறியாதவருக்கு முன்பணம் அனுப்பத் துணிவு தந்தது இந்த ஏற்பாடுதான். அந்தத் துணிவுக்கு விலையும் இருந்தது. ரெஸ்னிக் குழு 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே வகைப் பழைய அஞ்சலட்டைகள் பெயரெடுத்த கணக்கிலிருந்தும் புதிய கணக்குகளிலிருந்தும் விற்கப்பட்டன. பெயரெடுத்த கணக்குக்கு வாங்குவோர் சுமார் 8 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

ஆனால் இருவரும் ஒருவரையொருவர் மதிப்பிடலாம் என்ற அதே விதியில்தான் கோளாறும் இருந்தது. விற்பவர் தம் மதிப்பீட்டைப் போடாமல் காத்திருப்பார். வாங்கியவர் குறை சொன்னால் பதிலுக்கு இவரும் ஒரு கழித்தலைப் போடுவார். ‘நீ என்னைச் சொன்னால் நான் உன்னைச் சொல்வேன்’ என்ற நிலையில், உடைந்த தட்டைப் பெற்றவர்கூட வாயை மூடிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். 2008 மே மாதம் ஈபே அந்தக் கதவை அடைத்தது: வாங்கியவருக்கு எதிராக விற்பவர் எதிர்மறை மதிப்பீடு போட முடியாது என்றானது.

அதே 2008இல்தான் பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளம் பிறந்தது. முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டுக்கு வந்தவர்களில் மூவரை பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் வீட்டில் காற்று மெத்தை விரித்துத் தங்கவைத்தார்கள்; தொடக்கம் அதுதான். இங்கே கைமாறுவது அஞ்சலட்டை அல்ல. ஒருவருடைய படுக்கையறையும் குளியலறையும். பழிவாங்கப்படும் அச்சத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: முகதாட்சண்யம். காலையில் காபி போட்டுக் கொடுத்தவரின் குழாய் ஒழுகுகிறது என்று ஊரறிய எழுத யாருக்கு மனம் வரும்?

2014இல் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. இரு தரப்பும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு முடியும் வரை, எவருடைய மதிப்பீடும் வெளியே தெரியாது. இந்த மாற்றத்தைச் சோதனை முறையில் ஆராய்ந்த ஃப்ராட்கின், கிரெவால், ஹோல்ட்ஸ் ஆகியோர், பதிலடி குறைந்ததையும் எழுதுவோர் கூடியதையும் கண்டார்கள். நட்சத்திரங்களோ சற்றே இறங்கின, அவ்வளவுதான். அச்சத்தை விதியால் நீக்க முடிந்தது; தாட்சண்யம் நகரவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். ஸெர்வாஸ், ப்ரொசெர்பியோ, பயர்ஸ் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏர்பிஎன்பி வீடுகளில் சுமார் 95 விழுக்காடு 4.5 அல்லது 5 நட்சத்திரம் பெற்றிருந்தன. பயண மதிப்புரைத் தளமான டிரிப்அட்வைசரில் ஓட்டல்களின் சராசரி 3.8.

வாடகைக் கார்ச் செயலிகளில் தாட்சண்யத்தோடு இரக்கமும் கலந்தது. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் சராசரி 4.6க்குக் கீழே போனால் ஊபர் ஓட்டுநரின் கணக்கு முடக்கப்படலாம் என்ற செய்தி பரவியபின், 4 நட்சத்திரம் என்பது ‘நன்று’ என்ற பொருளை இழந்து தண்டனையானது. சென்னையில் இறங்கும்போது, “சார், அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க” என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சொல்வார். ஏசி போடவில்லை என்ற கோபத்தில் இருந்தாலும் நான் ஐந்தைத்தான் அழுத்துவேன்.

எல்லாரும் ஐந்து வாங்கிய சந்தையில் வருபவர் எதைப் பார்த்துத் தேர்வார்? எர்ட், ஃப்ளைஷர், மாகென் ஆகியோர் ஸ்டாக்ஹோமின் ஏர்பிஎன்பி வீடுகளை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சங்கடமான விடை தருகிறது. வாடகையோடு தொடர்புகொண்டிருந்தது வீட்டுக்காரரின் புகைப்படம் தரும் நம்பகத் தோற்றம். மதிப்பெண்ணுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. முகம் பேசத் தொடங்கும் இடத்தில் நிறமும் பேசும். விருந்தினர் பெயரை மட்டும் மாற்றி முன்பதிவுக் கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்த எடெல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி குழு, கறுப்பினத்தவருக்குரிய பெயர்கள் ஏற்கப்படும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவு என்று 2017இல் காட்டியது. மறு ஆண்டு ஏர்பிஎன்பி, முன்பதிவு உறுதியான பிறகே விருந்தினர் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும்படி மாற்றியது.

மௌனத்தையே அளவுகோலாக்கியவர்கள் கிரிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் என்ற ஆய்வாளர்கள். நல்ல மதிப்பீடுகளை வந்த மதிப்பீடுகளால் வகுக்காமல், மொத்த விற்பனையால் வகுத்தார்கள். இரண்டு கடைக்காரர்களுக்கும் 90 பாராட்டு, குறையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் இருவரும் 100. ஆனால் ஒருவர் விற்றது 100, மற்றவர் விற்றது 180 என்றால், புதிய கணக்கில் 90, 50 என்று பிரிந்துவிடுகிறார்கள். ஈபே தேடலில் இந்தக் கணக்கில் மேலானவர்களை முன்னால் காட்டியபோது, வாங்கியவர்கள் மீண்டும் வருவது கூடியது. ஏமாந்தவர் அந்தக் கடையை மட்டும் அல்ல, சந்தையையே விட்டுப் போகிறார் என்பது அவர்களின் மற்றொரு முடிவு.

அரசுகள் பிடித்தது வேறு முனையை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கு ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம். அமெரிக்க வணிக ஆணையம் போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் 2024இல் விதி போட்டுத் தடுத்தது. இரண்டும் பொய் சொல்பவரைத் தேடுகின்றன. உண்மையைச் சொல்லாமல் போனவர் அவற்றின் எல்லைக்குள் வரவில்லை.

ஏர்பிஎன்பி அவருக்கென்று ஓரிடம் வைத்திருக்கிறது. எல்லாரும் படிக்கும் மதிப்புரையை எழுதும்போதே, வீட்டுக்காரர் மட்டும் படிக்கும் தனிக்குறிப்புக்கும் ஒரு கட்டம் உண்டு. ‘அருமையான வீடு’ மேலே போகிறது. ஒழுகும் குழாய் கீழே போகிறது. அடுத்த வாரம் பெட்டியோடு வருபவர் மேலே உள்ளதைத்தான் படித்துவிட்டு வருவார்.